ஏரிக்கரையில் பனை விதை நடவு: எத்தனை கொட்டை, எந்தப் பக்கம், பிறகு என்ன?

#1 | ஏரிவாசல்

வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு நடுத்தர ஏரி, கரை நீளம் சுமார் 2 கிலோமீட்டர். வரும் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனை விதை நடவு வைக்கலாம் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் ஊர்ப் பிள்ளைகளுமாக 60 பேர் வரை வருவார்கள். பத்தாயிரம் விதை நட வேண்டும் என்கிறார்கள் சிலர். விதையை எப்படிச் சேகரிப்பது, கரையில் எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு இடைவெளி, யாரிடம் அனுமதி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கரையில் பாதி தூரத்துக்குச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதையும் கணக்கில் வைத்துச் சொன்னால் நல்லது.

#2 | வடலி

முதலில் அந்தப் பத்தாயிரத்தை விட்டுவிடுங்கள். பனைக்குப் பனை 10 அடி, அதாவது 3 மீட்டர் வேண்டும். ஒரு வரிசை வைத்தால் 2,000 மீட்டருக்கு 667 குழி. குழிக்கு இரண்டு கொட்டை என்றால் 1,334. மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற இடம்), கலங்கல் (மிகுதி நீர் வழிகிற இடம்), ஏற்கெனவே மரம் நிற்கிற இடம் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். கழிசலுக்கும் சேர்த்து 1,600 கொட்டை கையில் இருந்தால் தாராளம். உரச் சாக்கில் கட்டினால் எட்டு மூட்டை அளவு வரும். பத்தாயிரத்தையும் அதே கரையில் கொட்டினால் மீட்டருக்கு ஐந்து கொட்டை விழுகிறது. அது நடவு ஆகாது. மாநில அளவில் ஒரு கோடி என்று இலக்கு வைத்தால் அதைப் பரப்ப இடம் இருக்கும். ஓர் ஏரிக்கு அதன் கரை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான்.

நடவு நாளில் எத்தனை கொட்டை போட்டோம் என்பது பெரிய விஷயமே இல்லை. மூன்றாம் வருஷம் எத்தனை வடலி (இளம்பனை) நிற்கிறது என்று கேளுங்கள். நடவை அந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் இடம், இடைவெளி, ஆள், காவல் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

விதைக்கு வருகிறேன். ஆடிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை பழம் உதிரும். தானாக விழுந்த பழத்தை மட்டும் எடுங்கள். மரத்தில் ஏறி அறுத்த அரைப்பழுப்புக் காயில் முளைப்பு நம்பிக்கையில்லை. ஒரே மரத்தடியில் மொத்தமும் பொறுக்காமல் பத்துப் பதினைந்து மரமாவது மாற்றி மாற்றி எடுங்கள், அடியில் கொஞ்சம் விட்டுவிட்டும் வாருங்கள். குலை நிறையக் காய்க்கிற, உங்கள் வட்டாரத்து மரமாகப் பாருங்கள்.

ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டை இருக்கும். பழத்தை அப்படியே புதைத்தால் மூன்றும் ஒரே இடத்தில் முளைத்து நெருக்கும், சதை வாசத்துக்குப் பன்றியும் வந்து கிளறும். ஆகவே சதையை உரித்துக் கொட்டையைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். நிழலில் குவித்துச் சில நாள் விட்டால் சதை தளர்ந்து எளிதாக உரியும்.

#3 | மதகடி

வடலி சொன்ன எண்ணிக்கை சரி. இடம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான நடவுகள் தோற்பது இதில்தான்.

உள்வாய்ச் சரிவில், அதாவது தண்ணீர் நிற்கிற பக்கம், ஒரு கொட்டைகூட வைக்காதீர்கள். காரணம் மூன்று. ஏரி நிரம்பினால் மாதக்கணக்கில் நீரில் நிற்கும், இளங்கன்று அழுகும். அந்தப் பக்கம் கல் பதிப்பு இருந்தால் அதன் இடுக்கில் மரம் வருவது கரைக்கு நல்லதல்ல. மூன்றாவது, தூர் வாரும்போது ஜேசிபி அந்தப் பக்கத்தில்தான் இறங்கும், எடுத்த மண்ணை அதே சரிவில்தான் கொட்டிக் கரையை உயர்த்துவார்கள். நீங்கள் நட்டது ஆறடி மண்ணுக்கு அடியில் போய்விடும்.

கரையின் மேல்தளமும் வேண்டாம். வெள்ள நேரத்தில் மணல் மூட்டை ஏற்றிய டிராக்டர் போக வேண்டிய பாதை அது.

வெளிவாய்ச் சரிவின் கீழ்ப்பாதியில் ஒரே வரிசை. அடிவாரத்தை ஒட்டி நாலைந்து அடி வெறுமையாக விடுங்கள். கரையில் கசிவு வந்தால் முதலில் ஈரம் தெரிவது அந்த அடிவாரத்தில்தான், புதர் மூடிக் கிடந்தால் யார் கண்ணிலும் படாது. மதகுக்கும் கலங்கலுக்கும் இரண்டு பக்கமும் 50 அடி விட்டுவிடுங்கள். ஷட்டர் பழுது பார்க்க, கட்டுமானத்தைத் திருப்பிக் கட்ட இயந்திரம் நிற்க இடம் வேண்டும்.

பனையின் வேர் கரையை உடைக்காதா என்று சிலர் கேட்பார்கள். ஆலும் அரசும் ஆணிவேர், பக்கவேர் என்று வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகும். மரம் பட்டுப்போனால் அந்த வேர் அழுகிய இடம் குழாய் போல வெற்றாகி, அது வழியே தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு வரும். பனைக்குச் சல்லிவேர். ஆயிரக்கணக்கில் இறங்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஓரளவுக்கு மேல் பருக்காது. மண்ணைப் பிடித்து வைக்கும். கரைக்குப் பனை என்று முன்னோர் வைத்ததற்கு இதுதான் காரணம்.

அனுமதி: ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத்துறையுடையது, உதவிப் பொறியாளரிடம் கடிதம் கொடுங்கள். அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம், வட்டார வளர்ச்சி அலுவலர். கடிதத்தில் கரையின் வரைபடம் ஒன்று கையால் வரைந்தாவது இணைத்து, எங்கிருந்து எங்கு வரை, எந்தச் சரிவு, எத்தனை குழி என்று குறியுங்கள். "மரங்களில் எங்களுக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரியும் சேருங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைத்துவிட்டால் பலம். அக்டோபர் 2 சபைக்குக் காத்திருந்தால் நடவு நாள் கடந்துவிடலாம்.

#4 | ஏரிவாசல்

மிக்க நன்றி ஐயா. உள்வாய்ப் பக்கம் வைக்கலாம் என்றுதான் இங்கே பேசிக்கொண்டிருந்தார்கள், நல்ல வேளை. இன்னும் இரண்டு கேள்வி. விதையை ஆவணியிலேயே சேகரித்துவிட்டால் நடவு நாள் வரை எப்படி வைப்பது? குழி போட பெட்ரோல் ஆகர் (மண்ணில் துளையிடும் இயந்திரம்) வாடகைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

#5 | பனங்காடை

விதைச் சேமிப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை.

பனங்கொட்டை மற்ற விதை மாதிரி மேல்நோக்கி முளைவிடாது. கண் வழியாக வெள்ளையாக, விரல் பருமனில் ஒரு முளைக்குழல் கிளம்பி நேராகக் கீழே இறங்கும். கருவே அந்தக் குழலின் நுனியில்தான் இருக்கிறது. கொட்டைக்குள் மிச்சமிருப்பது சாப்பாடு மட்டும். நுனி போதுமான ஆழத்துக்குப் போன பிறகுதான் அங்கிருந்து வேர் கீழே போகும், கிழங்கு திரளும், குருத்து மேலே ஏறும். அதனால் முளைவிட்ட கொட்டையைச் சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றி இறக்கும்போது அந்த நுனி ஒடிந்தால் கதை முடிந்தது. கொட்டை பார்க்க முழுசாக இருக்கும், குழியில் வைத்து மூடியும் விடுவோம், மறுமுளை வராது. "நல்ல விதைதான் போட்டோம், வரவில்லை" என்கிற இடங்களில் பாதி இந்த வகை.

உரித்த கொட்டையை ஈரத்தில் குவித்து வைத்தால் மூன்று நாலு வாரத்தில் முளை எட்டிப்பார்க்கும். வெயிலில் போட்டு நாள்கணக்கில் காய்ந்தாலும் பருப்பு வற்றி முளைப்பு குறையும். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்: கொட்டகை நிழல், காற்றோட்டம், மேலே லேசாக வைக்கோல். சேகரித்ததிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நட்டுவிடப் பாருங்கள். அதற்குள் ஏதாவது முளைத்திருந்தால் அதைச் சாக்கில் போடாமல் கூடையில் ஒற்றை அடுக்காக வைத்துக் கையில் எடுத்துப்போய் முதலில் நடுங்கள்.

குழி ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம். தோண்டிய மண்ணில் பாதியை உதிர்த்துத் திரும்பக் குழிக்குள் போட்டு, அதன்மேல் கொட்டையைப் படுக்கையாகவோ கண் கீழ்நோக்கியோ வையுங்கள். மேலே நாலு விரற்கடை மண் மூடினால் போதும். அடிமண் இளக்கமாக இருப்பதுதான் முக்கியம். கெட்டிச் சரளையில் மேலோட்டமாகச் சுரண்டி வைத்தால் முளைக்குழல் இறங்க வழியில்லாமல் வளைந்து பக்கவாட்டில் ஓடும், கோடை வந்ததும் அந்தக் கன்று முதலில் காயும்.

ஆகர் எடுக்கலாம், 8 அங்குலத் துளையாணி போதும். களிமண் கரையில் ஈரமாக இருக்கும்போது ஆகர் ஓட்டினால் குழியின் சுவர் பூசிவிட்டது போல வழவழப்பாகிவிடும், வேர் உள்ளே போகத் திணறும். துளையிட்ட பிறகு கடப்பாரையால் அடியையும் சுவரையும் நாலைந்து குத்து குத்தி உடைத்துவிடுங்கள். சரளைக் கரையில் ஆகர் கல்லில் மாட்டிக் கையை முறுக்கும், இரண்டு பேர் பிடிக்காமல் ஓட்ட வேண்டாம், மாணவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். 667 குழிக்கு 15 கடப்பாரை இருந்தால் இயந்திரமே தேவையில்லை.

#6 | செம்மண்காடு

10 அடி இடைவெளியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆடு, தீ, தோண்டல் எல்லாம் போக நிற்பது கொஞ்சம்தான். 3 அடிக்கு ஒன்று நெருக்கி வைத்தால் போனது போக மிச்சமாவது கிடைக்கும். பிறகு கலைத்துக்கொள்ளலாமே?

#7 | வடலி

நெருக்கிப் போட்டால் போனது போக மிச்சம் ஒழுங்காக நிற்காது அண்ணே. ஆடு இறங்குகிற பாதையில் முழுக்கப் போய்விடும், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் அத்தனையும் நெருங்கி நிற்கும். அப்புறம் கலைக்கிறேன் என்று எந்த ஊரிலும் யாரும் வடலியை வெட்ட மாட்டார்கள். பனைக்கு மேல் கைவைக்க மனம் வராது, வரவும் கூடாது. 3 அடியில் வளர்ந்த பனை ஒன்றின் மட்டை இன்னொன்றின் குருத்தை அறுக்கும், மரமேறிக்கும் ஏற வசதிப்படாது.

ஒன்று செய்யலாம். குழிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று கொட்டை, கொஞ்சம் இடைவிட்டு முக்கோணமாக வையுங்கள். அடுத்த ஆவணியில் வெற்றுக் குழிகளை மட்டும் மறுபடி நிரப்புங்கள். ஒரே வருஷத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் நெருக்கச் சொல்கிறது. மூன்று வருஷ வேலை என்று எடுத்துக்கொண்டால் 10 அடியே போதும்.

#8 | செம்மண்காடு

மறுநடவு உறுதியாக நடக்கும் என்றால் சரி, ஏற்கிறேன். பெரும்பாலும் அது நடப்பதில்லை என்பதால்தான் சொன்னேன்.

இன்னொன்று. தை மாதம் கிழங்கு தோண்ட வருவார்கள், அதைத் தடுக்க முடியாது. சண்டை போட்டுப் பயனில்லை. நடவு நாளிலேயே ஏரிக்கு வெளியே யாராவது ஒருவர் நிலத்தில் மணல் கலந்து இரண்டு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மிஞ்சிய கொட்டையெல்லாம் அதன்மேல் நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிடுங்கள். பொங்கலுக்கு அது ஊர்க் கிழங்கு. கரையில் இருப்பது மரத்துக்கு, பாத்தியில் இருப்பது தின்பதற்கு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் கரையில் கைவைப்பது பெருமளவு நிற்கும்.

#9 | மதகடி

பாத்தி யோசனை அருமை. சீமைக் கருவேலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்குள்ளும் தரிசிலும் கருவேலத்தை வேரோடு பிடுங்குவதுதான் சரி. வெறுமனே அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும். ஆனால் கரையின்மேல் அப்படிச் செய்யாதீர்கள். மழைக்கு ஒரு மாதம் முன்னால் ஜேசிபி வைத்துக் கரையிலிருந்து தூரைப் பிடுங்கினால் அந்தப் பள்ளத்தின் மண் இறுகாது, முதல் பெருமழையில் அங்கேதான் சரியும். கரையில் தரைமட்டமாக அறுத்து, துளிர் முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் மறுபடி அறுங்கள். வருஷத்துக்கு மூன்று நாலு முறை, விடாமல். தூரோடு எடுத்தே ஆக வேண்டும் என்றால் கோடையில், பொறியாளர் சம்மதத்துடன், பள்ளத்தைச் சாணுக்குச் சாண் மண் போட்டு நீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும். பொது இடத்து மரம் என்பதால் அறுத்த விறகை எடுத்துக்கொண்டு போகும் முன் ஊராட்சியிடமோ துறையிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடவு நாளில் இதைச் சேர்க்க வேண்டாம். முள் வெட்டும் வேலையை ஆவணியிலேயே பழகிய ஆட்களை வைத்து முடித்துவிடுங்கள். அறுபது பேர் கூட்டத்தில் அரிவாளும் முள்ளும் ஆபத்து. வெட்டிய கிளையில் காய் இல்லாததாகப் பார்த்து ஒதுக்கி வையுங்கள், ஆடு இறங்குகிற இடங்களில் குழியைச் சுற்றி வேலிமுள்ளாகப் பயன்படும். காய் உள்ள கிளையை வேலியாகப் போட்டால் அந்த இடத்திலேயே கருவேலத்தை விதைத்தது போலாகும்.

#10 | புதுச்சேரிப் பனை

நடவு நாளை ஒழுங்கு செய்வது பற்றிச் சுருக்கமாக.

முந்தின நாள் மாலையே நாலு பேர் போய்க் குழி இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துவிட வேண்டும். 30 மீட்டர் கயிற்றில் 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டால் வேலை வேகம். குறிக்காமல் கூட்டத்தை இறக்கினால் ஆரம்பத்தில் நெருக்கமாகவும் கடைசியில் தூரம் தூரமாகவும் போய்விடும், எல்லா ஊரிலும் இதுவேதான்.

60 பேரை நாலு நாலு பேராகப் பிரித்தால் 15 குழு. ஒவ்வொன்றுக்கும் 45 குழி. ஒருவர் கடப்பாரை, ஒருவர் மண்வெட்டி, ஒருவர் விதை வைத்து மூடுவது, ஒருவர் குச்சி நட்டு எண் எழுதுவது. பாதியில் ஆள் மாறிக்கொள்ளுங்கள். மழை பெய்து மண் இளகியிருந்தால் காலை 6:30க்குத் தொடங்கி 9:30க்குள் முடியும். வறண்ட கரை என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு நல்ல மழைக்குப் பிறகு வருகிற ஞாயிறுக்கு மாற்றுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், 20 லிட்டர் கேன் ஒன்பது. டம்ளர் அவரவர் கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டில், தெர்மாகோல் தட்டு, பிளக்ஸ் எதுவும் ஏரிக்கரைக்கு வரக்கூடாது. புதரில் பாம்பு, தேள் இருக்கும். முழுக்காலணி கட்டாயம், பொந்துக்குள்ளோ கல்லுக்கு அடியிலோ கை விடக்கூடாது. பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருப்பில் உள்ளது என்று முந்தின நாளே கேட்டுவைத்து, ஒரு வண்டியைத் தயாராக நிறுத்துங்கள். கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கை கால் அசையாமல் வைத்து நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

#11 | பனங்காடை

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். புது விதை வைக்கிற ஊரிலேயே செங்கல் சூளைக்கு வளர்ந்த பனை போய்க்கொண்டிருக்கிறது. விதை வைத்த பனை பாளை விட 12 முதல் 15 வருஷம் ஆகும். அதுவரை ஆண் பனையா பெண் பனையா என்றுகூடத் தெரியாது. அறுபது வயது மரம் ஒன்றை இழந்துவிட்டு ஆயிரம் கொட்டை போட்டாலும் நம் காலத்தில் அது ஈடாகாது. அந்த மரத்தின் மட்டை மடிப்பில் பனை உழவாரன் கூடு வைத்திருக்கும், ஓலை நுனியில் தூக்கணாங்குருவி தொங்கும், மொட்டைப் பனைப் பொந்தில் பனங்காடை குஞ்சு பொரிக்கும். வடலியில் இவை எதற்கும் இடமில்லை.

2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தாகிவிட்டது. ஆகவே நடவுக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, கரையிலும் வரத்துக்கால்வாயிலும் நிற்கிற பனைகளை எண்ணி, அடிமரத்தில் சுண்ணாம்பால் எண் போடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். எண் போட்ட மரத்தை வெட்ட வருகிறவர் தயங்குவார். வெட்டினாலும் எத்தனையாவது மரம் என்று வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் தேதியோடு புகார் கொடுக்க ஆதாரம் இருக்கும்.

#12 | ஏரிவாசல்

மரத்துக்கு எண் போடுவதை ஆவணியிலேயே செய்கிறோம். ஊரில் இதற்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள். கடைசியாக ஒன்று கேட்கிறேன்: நட்ட பிறகு எப்போது போய்ப் பார்க்க வேண்டும்? பொங்கல் வரை ஒன்றும் தெரியாவிட்டால் பட்டுப்போனது என்று எடுத்துக்கொள்ளலாமா? பையில் வளர்த்த கன்றாக வைத்தால் விரைவாக வருமா?

#13 | வடலி

பொங்கலுக்குத் தெரியாது. புரட்டாசியில் வைத்தால் தை வரை எல்லா வேலையும் மண்ணுக்குள்தான். முதல் ஓலை மாசிக்கு மேல் ஆனி வரைக்கும்கூட எட்டிப்பார்க்கும். அதுவும் விசிறி ஓலையாக வராது. ஒற்றை ஈட்டியாக, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக, கரும்பச்சையாக நிற்கும். தெரியாதவர் கண்ணுக்குக் கோரைப்புல். நூறு நாள் வேலையில் கரையைச் செதுக்கும்போது அதையும் சேர்த்துச் செதுக்கிவிடுவார்கள். வேலை தொடங்கும் காலையில் பணித்தளப் பொறுப்பாளரையும் பெண்களையும் கூட்டிப்போய் நாலு கன்றைக் காட்டிவிடுங்கள், ஒருமுறை பார்த்தால் பிறகு அவர்களே காப்பாற்றுவார்கள். குச்சிகள் முதல் கோடையில் அடுப்புக்குப் போய்விடும், அதனால் பத்துக் குழிக்கு ஒரு கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.

மாசி பங்குனியில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் மூன்றடிக்குப் புல்லை அகற்றுங்கள். தீயில் ஓலை கருகினாலும் கன்றைப் பிடுங்கி எறியாதீர்கள். முதல் சில வருஷம் குருத்தின் அடி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், மழைக்கு மறுபடி எழும். ஆடு கடித்ததும் அப்படியே, திரும்பத் திரும்பக் கடித்தால்தான் சோர்ந்துபோகும்.

பைக் கன்று வேண்டாம். சாதாரண நாற்றுப்பையில் முளைக்குழல் அடியைத் தொட்டுச் சுருளும், பையைக் கிழிக்கும்போது ஒடியும். விதையை நேராகக் குழியில் வைப்பதே பனைக்கு ஏற்றது.

எண்ணுவது வருஷத்துக்கு ஒருமுறை, ஆவணி மறுநடவுக்கு முன். புல் மண்டியிருக்கும்போது வேண்டாம், செதுக்கிய மறுவாரம் போனால் தெளிவாகத் தெரியும். கல் எண், அந்தப் பத்துக் குழியில் உயிரோடு எத்தனை, ஓலை எத்தனை, சேதம் ஆடா தீயா தோண்டலா என்று நாலு கட்டம் போட்ட நோட்டு போதும். எந்தக் கல்லுக்கு அருகே வெற்றுக்குழி அதிகம் என்று பார்த்தால் ஆட்டுப் பாதை எது, தீ எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். மறுநடவையும் வேலிமுள்ளையும் அங்கே குவியுங்கள். நோட்டை ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ வையுங்கள். மாணவர்கள் மூன்று வருஷத்தில் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள், நோட்டு ஊரில் இருக்க வேண்டும்.

#14 | மதகடி

தூர் வாரும் ஒப்பந்தம் வந்தால் ஒப்பந்ததாரருக்கும் அந்த நோட்டில் ஒரு படி கொடுங்கள். கல் எண் 1 முதல் 66 வரை வெளிச்சரிவில் மண் கொட்டக்கூடாது என்று பணி ஆணை வருவதற்கு முன்பே உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் ஜேசிபி வாடகை ஓடிக்கொண்டிருக்கும், யாரும் நிறுத்த மாட்டார்கள்.